ஆனேக்கல் பஸ்ஸில் போய் வந்த செவ்வாய்க்கிழமைகள்

ஊருக்குத் திரும்பிய முதல் வாரம் முழுக்க, படுத்தால் உடம்பு ஆடிக்கொண்டே இருந்தது. காதுக்குள் டீசல் வண்டியின் சத்தம்...

மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். செவ்வாய்தோறும் கிராமங்களுக்கு கேம்ப். பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, செம்மண் ரோட்டில் மூன்று மணி நேரம் போவோம். மலேரியாவுக்கு ரத்தம் பார்த்துவிட்டு, கிராமத்தார் தரும் சோளக்களியைச் சாப்பிட்டுத் திரும்புவோம்.

எங்கள் சர்ச் மூலமாக ஆறு மாதத்துக்கு என்று போனது. இரண்டு முறை நீட்டித்து, இரண்டே கால் வருஷம் ஆகிவிட்டது.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகள் ஜெனி என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். சமையலறையில் உப்பு இருந்த இடத்தில் சர்க்கரை இருந்தது. எதைத் தேடினாலும் அவளோ, என் கணவர் ஸ்டீபனோ எழுந்து வந்து எடுத்துக் கொடுப்பார்கள். "நீ உக்காரும்மா" என்பாள் ஜெனி. வந்த விருந்தாளியிடம் சொல்வது மாதிரியே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேசச் சொன்னார்கள். பேசி முடித்ததும் ஒருவர் வந்து, "அங்க சிங்கம் பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஸ்டீபன் பிரிண்டிங் பிரஸ் வேலைக்கும் ஜெனி ஸ்கூலுக்கும் போன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியாது. துணி மடிப்பேன், மடித்ததையே திரும்ப மடிப்பேன். வாசல் வரை போய் வருவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காய் வாங்கலாம் என்று சிட்டி மார்க்கெட் வரை போனேன். அங்கே, ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஆனேக்கலுக்குப் போகும் பஸ் நின்றிருந்தது. ஏறிவிட்டேன். "எல்லிகே மேடம்?" என்று கண்டக்டர் கன்னடத்தில் கேட்டபோதுதான் எங்கே போகிறேன் என்று எனக்கே முடிவானது. கடைசி ஸ்டாப் வரை டிக்கெட் எடுத்தேன். ஜன்னல் ஓரம், குலுங்கும் சீட்... அன்றுதான் மனசு கொஞ்சம் அமைதியானது. ஆனேக்கலில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்ததும். வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஆறாவது தடவை திரும்பி வரும்போது மணி ஐந்து தாண்டிவிட்டது. ஜெனி வந்திருக்க வேண்டிய நேரம். வீடு பூட்டிக் கிடந்தது.

மாடி வீட்டு ரெஹானா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அரே, எங்க போயிட்ட நீ? பாப்பா ஸ்கூல்ல விழுந்துடுச்சு. கை அடிபட்டுச்சு. ஸ்டீபன் பாய் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போயிருக்காரு. உனக்கு எத்தன தடவ போன் பண்ணாரு தெரியுமா?"

போன் பையில் அணைந்து கிடந்தது. மலாவியில் கரண்ட் வருவது அபூர்வம். வெளியே கிளம்பினால் சார்ஜ் தீராமலிருக்க போனை அணைத்து வைப்பது பழக்கம். அந்தப் பழக்கம் என்னோடு இங்கேயும் வந்திருந்தது.

ஆறரைக்கு ஆட்டோவில் வந்தார்கள். ஜெனியின் இடது கையில் மாவுக்கட்டு. என் முகத்தைப் பார்த்ததும், "ரொம்ப வலிக்கலம்மா" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். கலைந்திருந்த தலையைப் பின்னிவிடலாம் என்று சீப்பை எடுத்தேன்.

"இருக்கட்டும்மா. அப்பா பின்னுவாரு."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவள் தூங்கியதும் சமையலறைக்குப் போனேன். ஸ்டீபன் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிருந்த?"

"ஆனேக்கல்."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. பஸ்ல போயி ஒரு டீ குடிச்சிட்டு வருவேன். வீட்டுல உக்கார முடியலங்க."

நறுக்கிய பீன்ஸைத் தட்டில் தள்ளிவிட்டு அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"மலாவிக்கு ஆறு மாசம்னு போன. ரெண்டு தடவ நீட்டிச்ச. ரெண்டு தடவயும் முடிவு பண்ணிட்டுதான் எனக்கு போன் பண்ண. நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

ஊழியத்துக்குப் போனவள் என்று ஊரே பாராட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

"தப்புதாங்க" என்றேன்.

"போறத வேணாங்கல. எங்க போனாலும் சொல்லிட்டுப் போ. அவ்ளோதான்."

அதன்பிறகும் போனேன். காலையில் சொல்லிவிட்டு, போனை ஆன் செய்து வைத்துக்கொண்டு. இரண்டு மாதத்தில் வீட்டுக்குப் பக்கத்தில், காக்ஸ் டவுனில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. ஜெனியின் மாவுக்கட்டுப் பிரித்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அவளாகவே சீப்போடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "அப்பா ரொம்ப இறுக்கிப் பின்னுறாரு" என்றாள். நான் இறுக்காமல் தளர்வாகப் பின்னிவிட்டேன்.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஜெனி மைசூரில் படிக்கிறாள். ஆனேக்கல் ரோடு முழுக்க அபார்ட்மெண்ட்டுகள் வந்துவிட்டன.

இப்போதும் லீவு நாளில் சில சமயம் கால் ஒரு இடத்தில் நிற்காது. "ஆனேக்கல் வரைக்கும் போயிட்டு வரட்டுமா?" என்பேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போயிட்டு வா" என்பார் ஸ்டீபன்.

அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் ஓடினேன், எவ்வளவு தூரம் போனாலும் போதவில்லை. இப்போது சொன்ன உடனே அந்தத் தவிப்பு பாதி அடங்கிவிடுகிறது... செருப்பு மாட்டப் போனவள், பல நாள் திரும்பி வந்து அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.