நல்லகாமன் மூக்கும் மார்சேய் மீனும்

நல்லகாமன் சமைத்த மீனை நான் ஒரு நாளும் தின்றதில்லை. என் பெயர் ஹாலாஸ்யம், பிறந்ததிலிருந்தே தயிர்சாதக்காரன். ஆனாலும் அவரைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை. அழகர்கோவில் சாலையில் ஒரு நூற்பாலைக்கு விருந்தினர் விடுதி இருந்தது. அங்கே அவர் சமையல்காரர், நான் குமாஸ்தா. அவர் சமையலைப் பதினாறு வருஷம் மூக்காலேயே சாப்பிட்டவன் நான்.

அவர் சமைப்பதும் மூக்கால்தான். சொந்த ஊர் செக்கானூரணிப் பக்கம். வாலிபத்தில் கருப்பு கோயில் கிடாவெட்டுக்குச் சமைத்துப் பழகியவர். சாமிக்குப் படைக்கும் முன்னால் அங்கே யாரும் ருசி பார்க்கக் கூடாது. வாசனையை வைத்துத்தான் அண்டாவை இறக்க வேண்டும். அந்தப் பழக்கம் விடுதிக்கும் கூடவே வந்துவிட்டது. "சாப்பிடுறவுக வாயில படுறதுக்கு முந்தி நம்ம வாயில படலாமா சார்?" என்பார். உப்புக்கு மட்டும் ஒரு வழி வைத்திருந்தார். மசாலா அரைக்கும்போதே கல் உப்பையும் அம்மியில் வைத்து அரைத்துவிடுவார். கை அளவு ஒருநாளும் தப்பாது.

1977. மதுவிலக்கு இருந்த காலம். ஆலையில் புது மெஷின் பூட்ட பிரான்சிலிருந்து ஒரு இன்ஜினியரும் அவர் மனைவி ஓடெட்டும் வந்து விடுதியில் தங்கினார்கள். அந்தம்மாவுக்கு எங்கள் சாப்பாடு இறங்கவே இல்லை. ஒரே மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார். மானேஜர் நல்லகாமனைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை அந்தம்மாவுக்குப் பிறந்தநாள். அன்னைக்கு வயிறாரச் சாப்பிட்டாங்கன்னா உன்னை நிரந்தரம் பண்ணி ஆர்டர் போடறேன். இல்லேன்னா மெட்ராஸ்ல இருந்து வேற ஆள் வருவார்" என்றார். ஆறு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்த மனுஷன் தலையாட்டிவிட்டு வந்தார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

என்ன சாப்பிட ஆசை என்று அந்தம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். மார்சேய் நகரத்தில் அவர் அம்மா செய்யும் மீனாம். வெண்ணெய், வெங்காயம், கூடவே அந்த ஊர் மதுபானம் ஒன்று இரண்டு கரண்டி. அது இல்லாமல் அந்த மீனே இல்லை என்றார். கொண்டுவந்த பாட்டில் தீர்ந்து போயிருந்தது. பெர்மிட் வாங்கினாலும் மதுரையில் அந்தச் சரக்குக்கு எங்கே போவது?

காலி பாட்டிலைக் கேட்டு வாங்கி, பார்த்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மஞ்சள் பைக்குள் ஒளித்து அடுக்களைக்குக் கொண்டுபோனேன். நல்லகாமன் மூடியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார்.

"சார், இது சோம்பு." மறுபடி மோந்தார். "பின்னாலேயே அன்னாசிப்பூ வருது. அடியில ஒரு தித்திப்பு, தொண்டைக்கு இதமா... அட, அதிமதுரம்! பிரியாணியையும் கசாயத்தையும் பாட்டில்ல அடைச்சு வித்திருக்கான். இதுக்கா சார் இம்புட்டுத் தடை?"

மூன்றையும் இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினார். எனக்கு நீதிபதி வேலை. இந்தப் பக்கம் பாட்டிலையும் அந்தப் பக்கம் டம்ளரையும் வைத்துக்கொண்டு மாறி மாறி மோந்தேன். புதன்கிழமை கல்யாண வீட்டுப் பிரியாணி வாசம் அடித்தது. வியாழக்கிழமை இருமல் மருந்து. வெள்ளிக்கிழமை அன்னாசிப்பூவைப் பாதியாக்கி, கற்கண்டு போட்டு, சாராயக் காட்டத்துக்கு நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தார். பாட்டில் எது, டம்ளர் எது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் சின்னப் பையன்கள் மாதிரிக் கத்திச் சிரித்தோம்.

சனிக்கிழமை வஞ்சிரம் வெண்ணெயில் வெந்து இறங்கியது. வாசம் பிடித்து அந்தம்மா அடுக்களைக்கே வந்துவிட்டார். ஒரு ஸ்பூனை எடுத்து நல்லகாமனிடம் நீட்டி, ருசி பார்க்கச் சொன்னார். இவர் கையெடுத்துக் கும்பிட்டுப் பின்னால் நகர்ந்தார். அந்தம்மாவின் முகம் மாறிவிட்டது. சமைத்தவனே தொடாததை நான் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டார். நான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில், "இது சாமிக்குச் சமைக்கிற முறை. முதல் வாய் உங்களுடையது" என்றேன்.

அந்தம்மா நல்லகாமனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய் மேஜையில் உட்கார்ந்தார். முதல் வாய் போட்டதும் கண் கலங்கியது. ஒரு துண்டு முழுக்கத் தின்று, தட்டை ரொட்டியால் துடைத்தும் சாப்பிட்டார். கதவுக்குப் பின்னால் நல்லகாமன் என் கையை எலும்பு நொறுங்கப் பிடித்திருந்தார்.

அந்தம்மா அவரை அழைத்து, மிச்சமிருந்த மீனில் ஒரு துண்டைத் தனித் தட்டில் வைத்துக் கொடுத்தார். படைத்தாகிவிட்டதே, இனி சாப்பிடலாம். வாயில் போட்டவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், உப்பே இல்ல."

மசாலா இல்லாத மீன். அம்மிப் பக்கமே போகாத கை உப்பையும் மறந்துவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. போச்சு, ஆறு வருஷமும் போச்சு. அழாத குறையாக அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "முதல் வாயிலேயே தெரியும். எங்கள் அம்மா பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. எழுந்து உப்பு கேட்டால் போய்விடுவார்களோ என்று பயந்து சும்மா இருந்தேன்." பிறகு தட்டை முன்னால் தள்ளி, "இப்போது உப்புப் போட்டு இன்னொரு துண்டு" என்றார்.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. டைப் அடித்தது நான்தான். சந்தோஷத்தில் மூன்று தப்பு.

அதற்குப் பிறகும் நல்லகாமன் ருசி பார்க்கவில்லை. அடுக்களையிலிருந்து, "சார், உப்புப் போட்டேனா?" என்று குரல் கொடுப்பார். கூட இருந்து பார்த்ததை வைத்து, "போட்டாச்சு ஓய்!" என்பேன். மீன் ருசி எப்படி இருக்கும் என்றே தெரியாதவன் அதன் உப்புக்குச் சாட்சி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்புப் போடாத நல்லகாமனுக்கு மார்சேயிலிருந்து வருஷம் தவறாமல் வாழ்த்து அட்டை வந்தது. படித்துச் சொல்ல என்னிடம்தான் கொண்டுவருவார். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை மோந்து பார்த்துக்கொள்வார்.