மாமாவின் பதினாறு குஸ்திகள்

என் தாய்மாமன் தொடர்ந்து பதினாறு குஸ்திகளில் வென்றவர். அந்தப் பதினாறையும் பொய்யாக்கியவன் நான். அறுபது வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனை சலூனில் ஞாயிறுதோறும் மாமாவின் வெற்றிகளை அலசுவார்கள். அப்போது பதினைந்து முடிந்திருந்தது. சலூன்காரருக்கு அவற்றில் நம்பிக்கையில்லை.

“பதினஞ்சு பேர்ல எவனாச்சும் இவனைவிடக் கனமானவன் உண்டா? எல்லாம் காத்தடிச்சா விழுற பயலுக.”

தோல் மண்டியில் வேலை பார்த்த பாய் விடமாட்டார். “நீ ஒருதரம் அவன் எதிர்ல நில்லு. அப்புறம் முடி வெட்டக் கை இருக்கான்னு பாப்போம்.”

நான் மாமாவுக்காக வாயெடுத்தால், “ஏலே அப்பு, நீ மருமகன். வேற என்னத்தச் சொல்லுவ?” என்று சலூன்காரர் என் தலையைத் திருப்பிவிடுவார். பத்து வயதில் அது பெரிய அவமானம். ஆனால் அவர் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. மாமா மாலையோடு வீடு திரும்பினால், எதிராளி எவ்வளவு பெரியவன் என்று கேட்பேன். “உன் மாமனைவிடச் செத்த சின்னவன்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

பதினாறாவது குஸ்தி வத்தலக்குண்டில் நடந்தது. என்னையும் கூட்டிப்போனார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பயில்வானைப் பத்து நிமிடத்துக்குள் மல்லாத்தினார். தொண்டை கட்டும்வரை கத்தினேன். பிறகு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடையின் உள்ளறைக்குப் போனோம். அங்கே தோற்றவர் காத்திருந்தார். பரிமாறியவன் ஒரு பெரிய தட்டை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு போனான். இருவரும் அதே தட்டில் கை வைத்தார்கள். “மருமகப்பிள்ளைக்கு ஒரு வாய்” என்று தோற்றவர் எனக்குக் கறி ஊட்டினார். மாமாவைப் பார்த்து, “அடுத்த தடவை உன்னைய விடமாட்டேன்” என்றார். “அதையும் பாப்போம்” என்றார் மாமா. இருவரும் சிரித்தார்கள். பேசிவைத்துத்தான் விழுந்திருக்கிறான் என்று முடிவுகட்டினேன்.

அடுத்த ஞாயிறு பாய் சலூனுக்கு வரவில்லை. “ஒரே தட்டுல சாப்பிட்டாங்க. நான் பாத்தேன்” என்றேன். சவரக்கத்தி நின்றது. என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி நின்று கேட்டார்கள். அவர்கள் கேட்கக் கேட்க, நடக்காததையும் சேர்த்தேன். அடுத்த முறை யார் விழுவது என்று அவர்கள் பேசிக்கொண்டதாகச் சொன்னேன். என் பேரைச் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். சலூன்காரர் அந்த வாக்கைக் காப்பாற்றினார்.

பேச்சு ஊரெல்லாம் பரவியது. திண்டுக்கல்லில் குஸ்தி நடத்தியவர்கள், தாங்கள் காட்டும் ஆளோடு இறங்கினால்தான் மாமாவின் பேரை நோட்டீஸில் போடுவோம் என்றார்கள். அவர்கள் காட்டிய ஆள் மாமாவைப்போல ஒன்றரை மடங்கு. பயிற்சியில் மாமாவின் முழங்கால் ஏற்கெனவே பிசகியிருந்தது. அவருக்குக் குஸ்தி சொல்லிக்கொடுத்த உஸ்தாத் வேண்டாமென்றார். இறங்காவிட்டால் பேச்சு உண்மையாகிவிடும் என்று மாமா இறங்கினார். மூன்றாவது நிமிடத்தில் அந்தக் கால் மடங்கியது. பிறகு அவர் கோதாவை மிதிக்கவேயில்லை.

“கோதாவுல இறங்குன ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டாத்தான் பகை நிக்காது. எல்லா உஸ்தாதும் சொல்ற மொறை அது. அதைப் போயி களவுன்னு சொன்ன பய எவன்?” என்று பாய் சலூனில் கத்தினார். சலூன்காரர் என்னைப் பார்க்காமல் கத்தியைத் தீட்டினார்.

சலூன்காரர் சொன்னதில் பாதி உண்மை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். மாமா பெரிய ஆட்களைத் தேடிப் போகவில்லை. ஆனால் ஒரு வெற்றியும் பேசிவைத்து வந்ததல்ல. முதலாவதற்காக அவரைக் குறை சொல்லியிருக்கலாம். பேசிவைத்த கதையைக் கட்டியவன் நான்.

கட்டுப்போட்ட காலுக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டே அம்மா ஒருநாள் மாமாவிடம் கேட்டாள். “ஒரே தட்டுல தின்னதை எவன்டா பாத்துச் சொன்னது?”

நான் கதவருகில் நின்றிருந்தேன். மாமா என் பக்கம் திரும்பவில்லை.

“எவனோ வழிப்போக்கன். விடுக்கா.”

மாமாவுக்கு ஆள் தெரியவில்லை, தப்பித்தேன் என்று விளையாட ஓடினேன். சாத்திய கதவுக்குள்ளே வழிப்போக்கன் எப்படி வந்திருப்பான் என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.