தீக்குச்சி இல்லாமல் பற்றும் தின்னர்

திரவத்தை எரித்துப் பார்த்துப் பிழைக்கிறவர்கள் நாங்கள். எரிந்தாலும் திட்டு, எரியாவிட்டாலும் திட்டு.

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துச் சோதனைக்கூடங்களில் கண் எரிய உட்கார்ந்திருக்கும் சகோதர சகோதரிகளுக்கு இதில் ஒன்றும் புதிதாக இருக்காது. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நெருப்போ பொறியோ படாமல், வெறும் சூட்டிலேயே ஒரு ரசாயனம் பற்றிக்கொள்ளும். அது எந்தச் சூட்டில் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. மின் உலைக்குள் ஒரு கண்ணாடிக் குடுவை இருக்கும். அது வேண்டிய சூட்டுக்கு வந்ததும் ஊசியால் கொஞ்சம் திரவத்தை உள்ளே விட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, குடுவைக்கு மேலே சாய்த்து வைத்த முகக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளே சுடர் தெரிந்தால் சூட்டைக் குறைத்து மறுபடியும் முதலிலிருந்து. பற்றாமல் போகும்வரை இப்படியே இறங்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. எனக்கு அது உலையிடம் உண்டு, மனிதர்களிடம் இல்லை.

மாம்பழ ஜூஸ் பாட்டில்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்பிரே பிரிவில் தீப்பிடித்தது. தோலுக்குப் பூச்சு அடிக்கும் இடம் அது. பூச்சில் கலக்கும் தின்னர்தான் எரிந்திருக்கிறது. டிரம்மை இழுத்து வெளியே தள்ளித் தீ பரவாமல் தடுத்தவர் ஏழுமலை என்ற தொழிலாளி. கணியம்பாடிக்காரர். வலது கை வெந்துபோனது அவருக்குத்தான். ‘பீடி பிடித்துத் தீ வைத்தவன்’ என்று வேலையை விட்டு நிறுத்தப்பட்டவரும் அவர்தான்.

அங்கே பாதுகாப்பு அதிகாரியாக இருக்கும் இம்தியாஸ் பாய் தின்னரை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். எதில் எடுத்து வந்தார் என்று நினைக்கிறீர்கள்? மாம்பழ ஜூஸ் பாட்டிலில். பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு. பிளாஸ்டிக் பாட்டில் தின்னரில் இளகி நெளிந்துபோயிருந்தது. பாதுகாப்பு அதிகாரியே இப்படி என்றால் மற்றவர்களை என்ன சொல்ல? “இதை நான் தொட மாட்டேன். மூடி இறுக்கமா இருக்கற டப்பாவுல, கம்பெனி வண்டியில கொண்டு வாங்க” என்று சத்தம் போட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “வண்டி கேட்டா மேனேஜருக்குத் தெரிஞ்சுடும் மேடம். பீடிதான் காரணம்னு அவர் முடிவு பண்ணிட்டாரு, டெஸ்ட்டுன்னு சொன்னா பேஜார் ஆய்டும்.”

அடுப்பின் கோளாறு

மறுநாள் சீல் வைத்த தகர டப்பாவில் கொண்டுவந்தார். தன் மச்சான் வண்டியை வாங்கி ஓட்டி வந்திருந்தார். சோதனையை ஆரம்பித்தேன். டிரம்மின் மேல் ஒட்டியிருந்த தாளில் ‘நானூறு டிகிரிக்கு மேல்’ என்று இருந்ததாம். நானூறில் பற்றியது. முந்நூற்றைம்பதிலும் பற்றியது. முந்நூறில் நீலமாக ஒரு சுடர் குடுவையை நிறைத்துக்கொண்டு எழுந்தபோது எனக்கே சந்தேகம் வந்து, பற்றும் சூடு முன்பே தெரிந்த வேறொரு திரவத்தை விட்டு உலையைச் சரிபார்த்தேன். உலை சரியாகத்தான் இருந்தது. இறங்கி இறங்கி இருநூற்று முப்பதுக்குப் பக்கத்தில்தான் சுடர் நின்றது.

விஷயம் எப்படியோ தெரிந்து தின்னர் கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கினார். அவர் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். விளக்கை அணைத்தேன், ஊசியால் விட்டேன், சற்று நேரத்தில் சுடர் எழுந்தது. அவர் உலையின் அடியில் குனிந்து பார்த்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தார். எங்கேயோ தீக்குச்சியை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று தேடுகிறார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. காது மடல் சூடாகிவிட்டது எனக்கு. தேடி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நெருப்பே காட்டாம எரியுதுன்னா அது உங்க அடுப்போட கோளாறு மேடம், என் சரக்கோட கோளாறு இல்ல.”

நல்ல சரக்கு

இரண்டு நாளில் அவரே ஒரு டப்பா அனுப்பினார். அதே பெயர், அதே லேபிள். மூடியைத் திறந்ததுமே வாசனை வேறாக இருந்தது. முதல் டப்பாவில் ரப்பர் பசைக் கடையில் வருமே, அந்த நெடி. மலிவான பெட்ரோலியக் கரைப்பான் ஏகத்துக்குக் கலந்தால் அப்படித்தான் இருக்கும். இதில் அது இல்லை. உலையில் விட்டேன். நானூறு தாண்டித்தான் பற்றியது.

போன் செய்து கேட்டேன். “சார், ஆம்பூருக்கு அனுப்பினதும் இதுவும் ஒண்ணு இல்லையே?” மறுப்பார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குத்தான் என் மேல் வருத்தம்: “டெஸ்ட்டுக்குன்னா நல்ல சரக்குதானே அனுப்புவாங்க, பொண்ணு பாக்க வர்றப்போ பழைய புடவையா கட்டுவாங்க?”

எது நின்றால் எது நிற்கும்

தின்னர் பற்றும் சூடு தெரிந்துவிட்டது. அந்தச் சூடு அந்த இடத்தில் இருந்ததா என்று பார்க்க வேண்டாமா? குடுவைக்குள் வரும் டிகிரிக் கணக்கை அப்படியே தூக்கி வெளியே வைக்க முடியாது. காற்றோட்டமான இடத்தில் அதைவிட அதிகச் சூடு தேவைப்படலாம். அதனால் ஆம்பூருக்கே போனேன். இம்தியாஸ் பாய் ஸ்பிரே இயந்திரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஈரத் தோலை உலர்த்தும் கூண்டுக்குச் சூடான எண்ணெய் கொண்டுபோகும் குழாய் அங்கே ஒரு தகரப் பெட்டிக்குள் ஓடுகிறது. சூடு வெளியே வராமல் மேலே சுற்றியிருந்த உறை கிழிந்து, இரும்பு வெளியே தெரிந்தது. பக்கத்திலேயே தின்னர் டிரம், அதன் திருகுகுழாயிலிருந்து பெட்டி இடுக்குக்குள் சொட்டு. பெட்டிக்குள் காற்றோட்டமே இல்லை, என் குடுவை மாதிரி. வெப்பமானியை வைத்தேன். இருநூற்றெண்பதைத் தாண்டி ஏறியது. தீ எழுந்தது சரியாக அந்த மூலையில்தான். சுவரில் கரி இன்னும் இருந்தது.

மேனேஜர் வந்தார். நல்ல படிப்பு, நல்ல சட்டை. குழாயைக் காட்டினேன், வெப்பமானியைக் காட்டினேன். “இங்க பீடியே தேவையில்ல சார். மறுபடியும் பிடிக்கும். இன்னிக்கே நிறுத்திட்டு உறையைப் போடுங்க” என்றேன். சுற்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுகிறதே என்ற கூச்சம்கூட இல்லாமல் அவர் சொன்னார்: “குழாயை நிறுத்தினா ஷிப்மென்ட் நிக்கும் மேடம், ஆளை நிறுத்தினா ஒண்ணும் நிக்காது.”

ஒரே ஒரு வரி

அன்று பஸ்ஸில் பள்ளிகொண்டா வரும்வரை எனக்குள் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் சோதனைக்கூடத்தின் ஓனரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். “முடிவை அப்படியே குடும்மா. கீழே ஒரே ஒரு வரி, ‘தொழிலாளியின் கவனக்குறைவும் காரணமாக இருக்கலாம்’னு சேர்த்துடு. தோல் கம்பெனி பெரிய பார்ட்டி” என்றார். “சார், நான் குடுவையில தின்னரைத்தான் விட்டேன், ஏழுமலையை விடலை. குழாய் சூட்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன். வேணும்னா வேற ஆளை வெச்சுக் கையெழுத்து வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டு நின்றேன். அவர் வெகுநேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்: “கோபத்துல நீ அந்தத் தின்னரை விட மோசம்மா, இருநூறுலயே பத்திக்கற.”

இனி இல்லாத பழக்கம்

அந்த முடிவை இம்தியாஸ் பாய் மேனேஜரிடம் மட்டும் கொடுக்கவில்லை. இவர்களிடம் செருப்புத் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆய்வாளர் வந்தபோது அவர் கையிலும் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அதே வாரத்தில் குழாய்க்கு உறை வந்தது, டிரம் வேறு அறைக்குப் போனது, தின்னர் கம்பெனி மாறியது. நிற்கவே கூடாது என்ற ஷிப்மென்ட் நின்றது, ஒன்றும் மூழ்கிவிடவில்லை. ஏழுமலையையும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தது வேலூரில், கைக்குக் கட்டு மாற்ற வந்திருந்தபோது. இம்தியாஸ் பாய்தான் கூட்டி வந்து அறிமுகம் செய்தார். விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. “மேனேஜர் மன்னிப்பு கேட்டாரா?” என்றேன். “மன்னிச்சு வேலை குடுத்திருக்கேன்னு சொன்னாருங்க” என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழுமலை மட்டும் அமைதியாகத்தான் இருந்தார். மேனேஜர் இன்னொன்றும் சொன்னாராம், அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்: “இனிமே பீடியை விட்டுடணும்னு எழுதி வாங்கிக்கினாரு மேடம், நான் பீடியே பிடிக்கறதில்ல, இன்னாத்தை விடுறதுன்னுதான் தெரியல.”

ஒரு திரவம் எவ்வளவு சூட்டில் தானாகப் பற்றும் என்று காட்ட உலை இருக்கிறது, எவ்வளவு சொன்னால் சில மனிதர்களுக்கு உறைக்கும் என்று காட்டத்தான் இன்னும் யாரும் ஒன்று செய்து விற்கவில்லை.