மீன்கடை மாடியில் ஒரு கம்பெனி

லிமெரிக் நகரத்தில், ஆற்றை ஒட்டிய தெருவில், பொரித்த மீன் விற்கும் கடைக்கு மேலே ஓர் அலுவலகம் இருந்தது. வாசலில் பளபளவென்று பித்தளைப் பெயர்ப்பலகைகள், உள்ளே ஆளே கிடையாது. வாரத்துக்கு இரண்டு நாள் அதைப் பெருக்கித் துடைக்கும் வேலை ப்ரீஜ் டூஹிக்கு. யாரும் மிதிக்காத தரையைத் துடைப்பது சுலபம்தானே என்பார்கள். அவளுக்கு அதுதான் குமட்டியது. மனிதர் புழங்கிய அழுக்கென்றால் கை தானாக ஓடும். இங்கே ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈக்கள், கீழிருந்து ஏறிவந்து திரைச்சீலையில் பிசுபிசுக்கும் எண்ணெய் நாற்றம், அவ்வளவுதான்.

ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் மாலகி வேலை பார்த்த ஆலை போலந்துக்குப் போனதும் அவர் வீட்டோடு உட்கார்ந்தார். சர்க்கரை வியாதியில் காலில் ஆறாத புண் வந்தது. ப்ரீஜ் தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அவரோடு வந்து சேர்ந்தாள். காலையில் அவர் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்ட பிறகுதான் மற்ற வேலை. சீழ் வாடைக்கு அவள் ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை.

2016 ஜூலையில் ஒரு மத்தியானம் இருவரும் ரொட்டியும் தேநீருமாக உட்கார்ந்திருந்தபோது வானொலியில் அந்தச் செய்தி வந்தது.

"அண்ணே, காதுல விழுந்துச்சா? நாடு ஒரே வருஷத்துல கால்வாசிக்கு மேல வளந்துடுச்சாம்."

"வளந்திருக்கும். நம்ம தெருவுல எந்தப் பக்கம் வளந்திருக்குன்னு போய்ப் பாரு."

"கிண்டல் இருக்கட்டும். இதை எப்படித்தான் கணக்குப் போடுறாங்க?"

மாலகி தொழிற்சங்கத்தில் இருந்தவர், செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிப்பவர். "நாட்டு எல்லைக்குள்ள ஒரு வருஷத்துல உண்டான சரக்கு, சேவை எல்லாத்தோட மதிப்பையும் கூட்டுவான். அதுதான் மொத்த உற்பத்தி. லாபம் யார் வீட்டுக்குப் போகுதுன்னு கேக்க மாட்டான். வெளிநாட்டுக் கம்பெனி தன் காப்புரிமையை எல்லாம் இங்க ஒரு விலாசத்துக்கு மாத்தி எழுதினா போதும், உலகம் பூரா அதுல வர்ற சம்பாத்தியம் நம்ம உற்பத்தி ஆயிடும். வெளிய போற லாபத்தைக் கழிச்சா வர்றது தேசிய வருமானம், அது வேற கணக்கு. அதைச் சத்தமாச் சொல்ல மாட்டான்."

"விலாசம்னா எப்படி?"

"நீ துடைக்கிறியே, அது மாதிரி."

ப்ரீஜ் வாயருகே கொண்டுபோன ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஃபெர்கல் கூப்பிட்டான். அந்தப் பெயர்ப்பலகைக் கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும் இளைஞன், அவளுக்குச் சாவி கொடுத்தவனும் அவன்தான். நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வரச்சொன்னான். போனால், இன்னும் இரண்டு பெண்களை எங்கிருந்தோ பிடித்து வந்து மேஜைகளில் உட்கார வைத்திருந்தான். நாற்காலி முதுகில் யாருடையதோ கோட்டு தொங்கியது. கோப்பைகளில் அவனே பாதி பாதியாகக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி இது, நாடகமா?"

"சேச்சே. வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் பாக்க வர்றாரு. கம்பெனி இங்கதான் நடக்குதுன்னு அவர் கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

"அவரு கேட்டா?"

"கேக்க மாட்டாருங்க."

அவர் கேட்கவில்லை. வாசற்படியிலேயே நின்று, எண்ணெய் நாற்றத்துக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதனோடும் இணைக்காத விசைப்பலகைமேல் விரல்களை வைத்தபடி ப்ரீஜ் அந்தப் படத்துக்குச் சிரித்திருந்தாள். படி இறங்கும்போதுதான் அது உறைத்தது. வாயை யாரோ அழுக்குத் துணியால் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஃபெர்கல் கையில் திணித்த கேக்கை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூட மனம் வராமல் ஆற்றங்கரைப் பறவைகளுக்குப் போட்டாள்.

மறுவாரம் அவனே கூப்பிட்டு, இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றான்.

"ரூமை யாரும் அவ்வளவா உபயோகிக்கறதில்ல பாருங்க."

குரலில் துளி வெட்கமில்லை. "சாவியை மீன்கடையில குடுத்துட்டுப் போறேன். இனி நான் வரல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதியவர்களை வீட்டில் வந்து பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. நகரின் மறுகோடியில் ஒரு கிழவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றிவிட வேண்டும். காலை நேரம் அதிலேயே போய்விடுவதால், மாலகிக்கு அதே நிறுவனத்திலிருந்து வேறொருத்தி வரத் தொடங்கினாள்.

"நீ எனக்குக் கட்டுப்போட்டப்ப அது சும்மா வீட்டு வேலை, நாட்டுக் கணக்குல சேராது" என்றார் மாலகி. "இப்ப நீ அங்க போய்க் கழுவுறே, அவ இங்க வந்து கழுவுறா. ரெண்டுமே உற்பத்தி. நம்மளாலயும் நாடு வளந்தாச்சுடி."

"த்தூ" என்றாள் ப்ரீஜ். "கால் எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"அவசரமாக் கட்டிட்டு ஓடுறா. பாவம், இன்னும் நாலு வீடு போகணுமாம்."

அவிழ்த்துப் பார்த்தாள். துணி ஈரமாகவே இருந்தது, உள்ளே சரியாகத் துடைத்திருக்கவில்லை. அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கிழவர் வீட்டில் தானும் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் துடைக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீரைச் சூடாக்கி எடுத்துவந்து முதலிலிருந்து கழுவினாள்.

வேலையை விட வழியில்லை, வீடு ஓடுவது அவள் கூலியில். இன்றைக்கும் காலையில் அந்தக் கிழவரிடம் போகிறாள். திரும்பி வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் அண்ணனின் கட்டை அவிழ்க்கிறாள்.