யாரைக் கண்டுபிடிக்க?

"கடலோடு நெருங்கிய பரிச்சயமும் மேடையில் தயங்காமல் பேசும் ஆற்றலும் கொண்ட சமூக ஒருங்கிணைப்பாளர்" என்றது நியமனக் கடிதம். கடிதத்தைப் பெற்ற டெய்லரம்மாவுக்கோ கடலென்றால் தலைசுற்றல். கரையில் கட்டிக் கிடக்கும் படகு ஆடினாலே இவர் சுவரைப் பிடித்துக்கொள்வார். துறைமுகத் தெருவில் கடை வைத்திருந்தும், தையல் மெஷினைக் கடலுக்கு முதுகு காட்டித்தான் போட்டிருந்தார். மேடைப்பேச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலை நேரம் முழுக்க உதடுகளுக்கு இடையில் ஏழெட்டுக் குண்டூசி; 'ம்', 'ம்ஹும்' இரண்டும்தான் அவருடைய சொற்பொழிவு.

இப்படிப்பட்டவர் ஏன் பெயர் கொடுத்தார் என்றால், மகளுக்காக. அவள் கடல் உயிரினங்களைப் பற்றி ஐந்து வருடம் படித்துவிட்டு, கடல் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாத ஓர் ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். சொந்த ஊரில் வரவிருந்த கடல் கண்டுபிடிப்பு மையத்தில் வேலைக்குத் தேர்வாகியும் இருந்தாள். மையம்தான் இன்னும் இல்லை. அதற்குக் கேட்ட பழைய ஐஸ் கிடங்கு படகுக்காரர் சங்கத்துச் சொத்து. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் கை தூக்காவிட்டால் மையம் வேறு கரைக்குப் போய்விடும். மகளும் காப்பீட்டிலேயே பத்திரமாக இருந்துவிடுவாள்.

அந்தக் கைகளைத் தூக்கவைப்பதுதான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. டெய்லரம்மா வீடு வீடாக மையத்தின் துண்டறிக்கையைக் கொடுத்தார். எல்லாரும் மரியாதையாக வாங்கி, அதில் மீன் சுற்றினார்கள். மையம் ஏன் வேண்டாமென்று ஒருவரும் சொல்லவில்லை. புதன்கிழமை காலை சங்கத் தலைவர் புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்க வந்தார். கையிரண்டையும் விரித்து நிற்கிற மனிதருக்கு எதையும் மறைத்து வைக்க முடிவதில்லை.

"கண்டுபிடிப்பு மையமாம்! யாரைக் கண்டுபிடிக்கப் போறாங்க? நம்மளத்தான். எவன் வலையில கண்ணு சின்னது, எவனுக்கு அபராதம் போடலாம்னு கண்டுபிடிப்பாங்க. எங்க மீன் கெடக்குன்னு கண்டுபிடிப்பாங்க. என் தம்பிக்கே சொல்லாத இடம்மா அது! நாளைக்குச் சுவத்துல படம் மாட்டி, பொத்தானை அமுக்குனா பச்சை விளக்கு எரியும், இதோ தலைவரோட இடம்னு!"

"ம்ஹும்?"

"என்ன ம்ஹும்? கடலை இப்பத்தான் கண்டுபிடிக்கிறாங்களாமா? இத்தனை நாளா நாங்க எதுல போனோம், குளத்துலயா?"

அப்போதுதான் டெய்லரம்மாவுக்கு உறைத்தது. அலுவலகத்தில் யாரோ நல்ல மனதோடு அகராதியிலிருந்து எடுத்துப் போட்ட சொல், துறைமுகத்தில் இறங்கியதும் போலீஸ் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

மாடியில்தான் மையத்தின் திட்ட அதிகாரிக்கு அலுவலகம். டெய்லரம்மா போனை எடுத்தார். "சார், உங்க பேன்ட் ரெண்டு வாரமா தொங்குது. இப்ப வந்தாத்தான் உண்டு."

அதிகாரி வந்தார், திரைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு முக்காலி மேல் ஏறினார். காலடி மடிப்பு முழுக்கக் குண்டூசி. அவரைப் பார்த்ததும் தலைவர் சட்டையைக் கழற்றப் போனார்.

"அசையாதீங்க தலைவரே. அக்குள்ல பிடிக்குது, மறுபடி குத்திக்கிட்டிருக்கேன். நீங்களும்தான் சார்." உதட்டில் மிச்சமிருந்த ஊசிகளையும் எடுத்தார். "இப்ப சொல்லுங்க, யாரைக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

"யாரையா? பசங்க வந்து பாசியை நுண்ணோக்கியில பார்ப்பாங்கம்மா. கண்ணாடித் தொட்டி இருக்கும். ஒரு திமிங்கல எலும்பு இருக்கு."

"வலையை அளப்பீங்களா?"

"எனக்கு என் பேன்ட் அளவே தெரியாதும்மா."

தலைவர் சிரித்துவிட்டார், ஊசி குத்திவிட்டது. "ஆ! சரி, மீன் கெடக்கிற இடம்?"

"நீங்களா சொன்னாக்கூட எழுதி வைக்க மாட்டோம் ஐயா."

"எழுதி வைக்க மாட்டோம்னு எழுதிக் குடுங்க. பேரையும் மாத்துங்க."

"கடல் ஆய்வு மையம்னு வைக்கலாமா?"

"ஆய்வுன்னா ரெய்டு!"

"கடல் அறிமுக மையம்?"

"யாருக்கு யாரை அறிமுகம்?"

"பார்க்கத்தானே வர்றாங்க, கடல் காட்சியகம்னு வைங்களேன்" என்றார் டெய்லரம்மா.

அதிகாரிக்கு மனமே இல்லை. "அறிவியலே இல்லாத பேரு அது."

"உள்ள இருக்குமில்ல சார், போதும்."

"மூவாயிரம் துண்டறிக்கை அடிச்சாச்சும்மா."

"அது தீர்ந்துரும், மீன் வந்துக்கிட்டேதான இருக்கு" என்றார் தலைவர்.

அளவு நோட்டில், தலைவரின் மார்பளவுக்குக் கீழே, வலையை அளக்க மாட்டோம், இடத்தைக் குறிக்க மாட்டோம், பெயரை மாற்றுகிறோம் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் உரக்க வாசித்தார், தன் மார்பளவை மட்டும் விட்டுவிட்டு. முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. டெய்லரம்மா கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மகள் மறுநாளே ராஜினாமா கொடுத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ மேடையேறிப் பேசினியாமே?"

"யாருடி சொன்னது? நான் பேன்ட் மடிச்சேன்."

'விரிவான மக்கள் கலந்தாய்வு நடத்தப்பட்டது' என்றது அதிகாரியின் அறிக்கை. டெய்லரம்மா செய்தது, ஒருவரையொருவர் பார்த்தால் விலகிப் போகிற இரண்டு பேரை முக்கால் மணி நேரம் ஊசி குத்தி நிறுத்திவைத்து, ஒரு சொல்லை மாற்றவைத்தது.