தடை என்று நான் ஜெபித்த பிள்ளை

சபையாரே, இந்தச் சாட்சியைச் சொல்லச் சொல்லி பாஸ்டர் மூணு வெள்ளிக்கிழமையா கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒவ்வொரு தடவையும் தொண்டை சரியில்லைன்னு சொல்லி நழுவிட்டேன். தொண்டைக்கு ஒண்ணும் இல்லை. வெட்கம். போன ஆகஸ்ட்ல ஒரு பிள்ளை சாகக் கிடந்தான். அதுக்கு நானும் ஒரு காரணம். அவன் பிழைச்சது ஆண்டவர் செஞ்ச காரியம். ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தான் இது சாட்சி. முதல் பாதியை விழுங்கிட்டு ரெண்டாவது பாதியை மட்டும் சொன்னா நான் பொய்யன்.

என் பேரு செல்வராஜ். ஊரு திசையன்விளைப் பக்கம். இங்க அமீரகம் வந்து, அல் ஐன்ல ஒரு காலேஜ்ல பதினாலு வருஷமா பஸ் ஓட்டுறேன். கோபக்காரன்னு பேரு எடுத்தவன். ரவுண்டானாவுல எவனாவது குறுக்க வந்தா என் வாயில ஸ்தோத்திரம் வராது, வேற என்னென்னமோ வரும். என் மகன் ஆல்வின் அதே காலேஜ்லதான் ரெண்டாம் வருஷம் படிக்கிறான். ஃபுட்பால் டீம்ல கோல்கீப்பர். டீம் பஸ்ஸும் அப்ப என் கையிலதான் இருந்துச்சு.

டீமுக்கு மொராக்கோக்காரர் ஒருத்தர் கோச். சீசன் தொடங்குறதுக்கு முன்னால டிரெஸ்ஸிங் ரூம் கதவுல ஒரு சார்ட் ஒட்டுவாரு. டெப்த் சார்ட்னு சொல்லுவாங்க. மைதானத்துல எந்த இடத்துல யாருன்னு, இடத்துக்கு மூணு பேரு, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா. மேல இருக்கிறவன் ஆடுவான். ரெண்டாவது ஆளு, மேல இருக்கிறவனுக்கு ஏதாவது ஆனா ஆடுவான். மூணாவது ஆளு தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுப்பான். ஆகஸ்ட் முழுக்க அது பென்சில்ல இருக்கும், அழிச்சு அழிச்சு எழுதுவாரு. முதல் மேட்ச்சுக்குப் பத்து நாள் முன்னால பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டா கலாஸ், அதுக்கு மேல பேச்சு கிடையாது.

மத்த இடம்னா பரவாயில்லை, பாதி மேட்ச்சுல ஆளை மாத்துவாங்க. கோல்கீப்பரை யாரு மாத்துவா? ரெண்டாவது கீப்பர்னா வருஷம் பூரா பெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். ஆல்வின் போன வருஷம் அப்படித்தான் உக்காந்தான். ஸ்போர்ட்ஸ் சீட்ல படிக்கிற பிள்ளை. ஆடாதவனுக்கு அந்த சீட்டை மறுபடி கொடுக்க மாட்டாங்க. இந்த வருஷமும் உக்காந்தா படிப்பு பாதியில நின்னுரும். அதுதான் எனக்குப் பயம். பயம் மட்டும் இல்லை, கௌரவமும்தான்னு வச்சுக்கிடுங்க.

முதல் இடத்துல இருந்தவன் நஸீர். மீரான் பாய் மகன். பாய் காயல்பட்டினத்துக்காரர், மார்க்கெட் பக்கம் மளிகைக் கடை வச்சிருக்காரு, நம்மள்ல பல பேரு சாமான் வாங்குறதே அங்கதான். நஸீர் பஸ்ஸுல ஏறுனா எனக்குப் பின்னால முதல் சீட்டுலதான் உக்காருவான். "அங்கிள், இன்னைக்கு யாரைத் திட்டுனீங்க?"ன்னு கேட்டுச் சிரிப்பான். நல்ல பிள்ளை. என் பிள்ளையைவிட நல்ல கீப்பர். அது எனக்கே தெரியும். தெரிஞ்சதுனாலதான் எரிச்சல் கூடுச்சு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அந்த சார்ட்டை போன்ல படம் எடுத்து நம்ம ஜெபக் குழுவுல போட்டேன். "என் மகனுக்கு முன்னால் நிற்கிற தடை விலக பாரத்தோடு ஜெபிக்கவும்"னு கீழ எழுதினேன். நஸீர் பேரைச் சுத்தி வட்டம் வேற போட்டேன். உங்கள்ல நெறையப் பேரு ஆமென் போட்டீங்க. உங்களைக் குறை சொல்லலை, கேட்டது நான். அதையே ஒரு பிரிண்ட் எடுத்து, வீட்டு ஜெபத்துல நடுவுல வச்சு, எல்லாரும் அதுமேல கை வச்சு ஜெபிச்சோம். எண்ணெய் தடவுனோம். "நகரட்டும், நகரட்டும்"னு சத்தம் போட்டோம். என் மனைவி ஸ்டெல்லா மட்டும் கையை வைக்கலை. எல்லாரும் போனப்புறம் கேட்டா, "அந்தப் பிள்ளையும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே? அது எங்க நகரணும்னு கேக்குறீங்க?"ன்னு. விசுவாசம் இல்லாதவளே, வாயை மூடுன்னுட்டேன்.

சார்ட் பிரிண்ட் ஆகிறதுக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, கடைசி டிரையல். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பிள்ளைகளை ஏத்தப் போனேன். ஆகஸ்ட் மாச அல் ஐன் வெயில் உங்களுக்குத் தெரியும், அஞ்சு மணிக்கும் கதவுக் கம்பியைத் தொட முடியாது. நஸீர் கடைசியா ஏறுனான். முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. சீட்டுல அப்படியே சாஞ்சுட்டான்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டேன்.

"நேத்துலருந்து ஃபீவர் அங்கிள். காலையிலருந்து ரெண்டு தடவை வாமிட். மாத்திரை போட்டிருக்கேன். கோச்கிட்ட சொல்லிராதீங்க ப்ளீஸ், நாளைக்கு லிஸ்ட் போடுறாரு."

இதுல ஒண்ணு உங்களுக்குத் தெரியணும். டீம் பஸ் டிரைவர் தினம் ஒரு ஷீட் எழுதிக் கொடுக்கணும். எத்தனை பேரு ஏறுனாங்க, எத்தனை மணி, யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பாத்துத்தான் கோச் ஆளை உக்கார வைப்பாரு. வெயில் காலத்துக்காகவே வச்ச கட்டம் அது. அதுல "எல்லாரும் நலம்"னு எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளை கெஞ்சுனான், அதனால மறைச்சேன்னு சொன்னா நீங்க நம்புவீங்க. அது உண்மை இல்லை. இந்தக் காய்ச்சலோட இவன் எப்படிப் பாய்வான், நாலு பந்தை விடுவான், கோச் பேரை அழிப்பாருன்னு நான் கணக்குப் போட்டேன். உக்கார வச்சுட்டா லிஸ்ட்டைத் தள்ளி வச்சாவது மறுபடி சான்ஸ் கொடுப்பாரு, ஆடித் தோத்தா சான்ஸ் இல்லை. மனசுக்குள்ள "ஸ்தோத்திரம் ஆண்டவரே, வழி திறந்துட்டீங்க"ன்னும் சொன்னேன். பாவி! அந்த நேரத்துல நான் ஆண்டவர் பேரைச் சொன்னேன்.

மைதானத்து ஓரமா பஸ்ஸை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கிட்டு கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு இருந்தேன். கோச் முதல்ல எல்லாரையும் மைதானத்தைச் சுத்தி ஓட விட்டாரு. நாலாவது சுத்துல நஸீர் கால் பின்னுச்சு. எதிர்ப்பக்கமா திரும்பி நடந்தான். யாரோ கூப்பிட்டாங்க, அவனுக்குக் கேக்கலை. அப்படியே முகம் குப்புற விழுந்தான். கை ஊனக்கூட இல்லை.

ஆல்வின்தான் முதல்ல ஓடுனான். நான் தண்ணிக் கேனைத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். பிள்ளையைத் தொட்டா அடுப்பு மாதிரி சுட்டுச்சு, ஆனா வியர்வை ஒரு சொட்டு இல்லை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்துச்சு. கோச் ஐஸைக் கொட்டிக்கிட்டே "யாருக்காவது தெரியுமா, இவனுக்கு முன்னாலயே உடம்பு சரியில்லையா?"ன்னு கத்துனாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். வாயைத் திறக்கலை.

ஆஸ்பத்திரியில ஐசியூவுல போட்டாங்க. வெப்பம் மூளையைத் தாக்கிருச்சு, தசையெல்லாம் உள்ளுக்குள்ள சிதைஞ்சு அந்தக் கழிவு கிட்னியை அடைச்சிருச்சுன்னாங்க. மூச்சுக்கு மெஷின். ரத்தத்தைச் சுத்தம் பண்ண இன்னொரு மெஷின். மறுநாள் மத்தியானமும் கண்ணைத் திறக்கலை. மீரான் பாய் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "செல்வராஜண்ணே, சிறுநீர் சுத்தமா நின்னு போச்சாம். நீங்க நல்லா ஜெபம் பண்ற ஆளு. எம் பிள்ளைக்காக உங்க ஆண்டவர்கிட்ட கேளுங்க." அவரு கண்ணீர் என் கையில விழுந்துச்சு. கையை உருவிக்கிட்டு ஓடிரலாமான்னு இருந்துச்சு எனக்கு.

அன்னைக்கே சார்ட் பிரிண்ட் ஆயிருச்சு. கோல்கீப்பர் கட்டத்துல மேல ஆல்வின். எப்படியோ சேதி பரவி, ஜெபக் குழுவுல ஒரு சகோதரர் "தடை விலகியது, அல்லேலூயா"ன்னு போட்டுட்டாரு. அவருக்கு மத்த விவரம் தெரியாது. அதுக்குக் கீழ வரிசையா ஆமென். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு அதைப் படிச்சேன். போனை அணைச்சுப் பையில போட்டேன்.

ரெண்டு நாள் என்னால ஜெபிக்க முடியலை. முழங்கால் போட்டா வார்த்தை வரலை. என்னன்னு கேக்குறது? நகரட்டும்னு நானே கேட்டேன், நகர்ந்துருச்சு. நான் கேட்டதுக்குத்தான் ஆண்டவர் இப்படிப் பதில் கொடுத்தாரோன்னு பயமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில ஆராதனைக்கு வரலை. காலியா நின்ன பஸ்ஸுல உக்காந்து அழுதேன். "ஆண்டவரே, இது உம்ம கை இல்லை, என் கை. என்னை என்ன வேணும்னாலும் செய்யும். அந்தப் பிள்ளை மட்டும் சாகக் கூடாது"ன்னேன். சொல்லி முடிக்கும்போதே ஒண்ணு தெளிவாப் புரிஞ்சுது. டாக்டரு மீரான் பாய்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு, எப்பலருந்து காய்ச்சல், என்ன மாத்திரை போட்டான்னு. நஸீர் வீட்டுலயும் சொல்லலை. அதுக்குப் பதில் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். மூணு நாளா அதையும் வச்சுக்கிட்டு ஜெபம் வரலை, ஜெபம் வரலைன்னு அழுதுக்கிட்டு இருந்திருக்கேன். சவம், என்ன மனுசன் நான்!

நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். காய்ச்சல், வாந்தி, மாத்திரை. அவரு உடனே நர்ஸைக் கூப்பிட்டு எதையோ மாத்தச் சொன்னாரு. வெளியில வந்து பாய்கிட்ட சொன்னேன். ஷீட்ல எழுதுனதையும் சொன்னேன், ஏன் எழுதுனேன்னும் சொன்னேன், எண்ணெய் தடவுன பேப்பரையும் சொன்னேன். அடிப்பாருன்னு நினைச்சேன். அடிச்சிருந்தா தேவலை. "போங்கண்ணே. இப்ப இங்க நிக்காதீங்க"ன்னாரு. அவ்வளவுதான்.

ஆல்வின்கிட்ட சொன்னது அதைவிடக் கஷ்டம். "அப்பா, கிராஸ் பால் எப்படிப் பிடிக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான்"ன்னான். அதுக்கப்புறம் பல வாரம் என்கூடப் பேசலை. கோச்கிட்ட அந்த ஷீட்டைக் காட்டி, பொய்யா எழுதுனேன்னு எழுதிக் கொடுத்தேன். ஜெபக் குழுவுலயும் எல்லாத்தையும் போட்டேன். நாலு பேரு குழுவை விட்டே போயிட்டாங்க. மிச்சப் பேரு மூணு நாள் உபவாசம் எடுத்தீங்க. ஸ்டெல்லா தலைமை தாங்குனா. மூணு நாளும் ஒரே விண்ணப்பம், நஸீருக்கு சிறுநீர் வரணும். வேற ஒண்ணும் கேக்கலை.

திங்கக்கிழமை காலையில பத்தரை மணி. பெட்ரோல் பங்க்ல வண்டியை நிறுத்தியிருந்தேன். ஆல்வின் ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிட்டான். என்கூடப் பேசாத பிள்ளை, அன்னைக்கு மட்டும் கூப்பிட்டான். "அப்பா, வந்துட்டுப்பா. நஸீருக்கு ஒண்ணுக்கு வந்துட்டு. பை நிறைஞ்சுட்டுன்னு நர்ஸ் சொல்றாங்க."

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவாயில்லை. அந்த பங்க்ல டீசல் அடிக்கிற பெஷாவர்க்காரன் முன்னாலயே தரையில விழுந்து கும்பிட்டேன். "க்யா ஹுவா பாய்?", என்ன ஆச்சுன்னு அவன் பதறிட்டான். ஒரு பிள்ளை ஒண்ணுக்குப் போனதுக்காக என் ஆயுசுல யாரும் அப்படி ஸ்தோத்திரம் சொல்லிப் பாத்ததில்லை. புதன்கிழமை மூச்சு மெஷினை எடுத்தாங்க. வியாழக்கிழமை கண்ணைத் திறந்து, அவங்க உம்மாவைப் பாத்து, தண்ணி கேட்டான்.

எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். நஸீர் இனி ஒரு வருஷத்துக்கு வெயில்ல ஓடவே கூடாது. கிட்னி பழைய மாதிரி ஆகுமான்னு டாக்டரே உறுதியாச் சொல்லலை. பேசும்போது சில வார்த்தைக்குத் தடுமாறுறான். முதல் மேட்ச்சுல ஆல்வின்தான் நின்னான். நிக்க மாட்டேன்னு சொல்லிப் பாத்திருக்கான், சார்ட் எழுதுறது உன் வேலை இல்லைன்னு கோச் சொல்லிட்டாராம். நாலு கோல் விட்டான். நான் பாக்கலை. டீம் பஸ்ஸை என்கிட்டருந்து எடுத்துட்டாங்க, இப்ப லேபர் கேம்புக்கு ஓட்டுறேன். வேலையே போயிருக்கணும், போகாம விட்டதே கிருபை.

போன மாசம் மீரான் பாய் கடைக்குப் போனேன். கல்லாவுக்கு வெளியில நின்னு மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவரு எடை போட்டுக்கிட்டு இருந்த பருப்பைக் கீழ வச்சாரு. "மன்னிக்கணும்னு எங்களுக்கும் சொல்லியிருக்கு அண்ணே. எனக்கு இன்னும் வரலை. டாக்டர்கிட்ட நீங்க வந்து சொன்னதாலதான் மருந்தை மாத்துனாங்க, அது எனக்குத் தெரியும். சொல்லாம இருந்ததாலதான் அவன் அங்க கிடந்தான், அதுவும் எனக்குத் தெரியும். மன்னிப்பு வரும்போது ஆள் விட்டுச் சொல்லி அனுப்புறேன்"ன்னாரு. நியாயமான மனுசன். நான் காத்திருக்கேன்.

என் வாழ்க்கையில மாறுனது இதுதான். பிறத்தியார் பேரைச் சொல்லி நகர்த்தச் சொல்லிக் கேக்குற வாயை ஆண்டவர் அடைச்சுட்டாரு. வேலைக்கு, விசாவுக்கு, பிரமோஷனுக்கு, எதுக்கு வேணும்னாலும் கேளுங்க, கேக்க வேண்டாம்னு சொல்லலை. அந்த இடத்துல ஏற்கெனவே ஒருத்தன் நிக்கிறான்னா, முதல்ல அவனுக்காகக் கேளுங்க. உங்கள்ல யாராவது ஒரு உண்மையை உள்ள வச்சுக்கிட்டு, ஜெபம் ஏறலையே, ஏறலையேன்னு அழுதுக்கிட்டு இருந்தா, எழும்பிப் போய் அதைச் சொல்லிட்டு வாங்க. பயப்படாதீங்க. என்னை மாதிரி ஒரு ஆளு கூப்பிட்டதுக்கே அவரு காது கொடுத்தாரு. உங்களுக்குக் கொடுக்க மாட்டாரா?

வர்ற வியாழக்கிழமை காலையில நஸீருக்கு மறுபடி ரத்தம் எடுக்குறாங்க. அந்த ரிப்போர்ட்டுல கழிவோட அளவு குறைஞ்சிருந்தாத்தான் கிட்னி தப்பிச்சுதுன்னு அர்த்தம். நான் தனியாக் கேக்குறதுக்கு எனக்கு இன்னும் கூச்சமா இருக்கு. நீங்களும் என்கூட முழங்கால் போடுங்க.