லோகு அண்ணாவுக்கு ஒரு முழுமுகப் படம்

செய்தி வந்தபோது நான் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று லோகு அண்ணாவைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் இல்லை, போனில், எழுதி அனுப்பியே. "எங்க இருக்கீங்க?" "வண்டி வந்துடும்." "நீங்க லேட்டா? உலகம் அழியப் போகுதா?" கடைசியாக அனுப்பியதைப் படித்துவிட்டதாகக் குறி விழுந்தது. சரி, வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். படித்தது அவர் மனைவி கலா அக்கா. உடனே அவரே அழைத்தார். "நசீமா, அண்ணன் போயிட்டாரும்மா. காத்தால பல்லு வெளக்கிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு." செங்கல்பட்டு வண்டி கீழே வந்து நின்று, கிளம்பியும் போனது. நாங்கள் இருவரும் சோதித்து எழுத வேண்டிய கேமரா என் தோள்பையில் இருந்தது.

இந்தப் பக்கத்தில் வரும் கேமரா மதிப்புரைகளை வாசிப்பவர்களுக்கு லோகநாதன் என்ற பெயர் தெரியும். மதிப்புரையை எழுதுவது நான், குறை சொல்வது அவர். அஸ்தினாபுரத்துக்காரர். அப்பா உழுத நிலம் தெருக்களாக மாறிய பிறகு குரோம்பேட்டையில் பெயின்ட் கடை வைத்தவர். நான் மேற்குத் தாம்பரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறேன். எங்களைப் போன்ற கேமராப் பைத்தியங்கள் சிலர் ஞாயிறுதோறும் சேர்வோம். தெரிந்த கடைக்காரர் ஒருவர் புதிய கேமராவை இரவல் கொடுப்பார். பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் நம்மைப் போன்றவர்கள் அதை வாங்கலாமா வேண்டாமா என்று பார்த்து இங்கே எழுதுவோம். இந்த முறை வரவேண்டியது ஒரு சிறிய மிரர்லெஸ் கேமராவின் மதிப்புரை. இந்த இடத்தில் அதைத்தான் நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். இதையும் நின்றும் உட்கார்ந்தும்தான் எழுதுகிறேன், கோர்வையாக வராது.

லோகு அண்ணா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் எப்போதும் இருப்பார். மேசையில் கேமராவை வைத்து, சுவரில் ஒட்டிய தாளைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைகள் அவருக்கு ஆகாது. "வூட்ல உக்காந்துகினு செவத்தையா படம் எடுக்கப் போறான் வாங்குறவன்?" என்பார். அவருக்குத் தெரிந்த சோதனைச்சாலை குன்றத்தூர் மலைப்படி. எந்தக் கேமரா வந்தாலும் அதைக் கழுத்திலோ பையிலோ போட்டுக்கொண்டு முருகனைப் பார்க்க ஏறி இறங்க வேண்டும். இந்தச் சிறிய கேமராவைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துப் பார்த்தார். கேமராவின் உடம்பு உள்ளே போனது, லென்ஸ் போகவில்லை. "பாக்கெட்ல போற கேமரான்னு விளம்பரம் போட்டுட்டான். தேங்கா மூடிய ஒளிச்சு வெச்சுகினு போற மாரி கீது" என்றார். நாங்கள் பாதிப் படியில் மூச்சு வாங்கும்போது அவர் ஒரு முறை மேலே போய்த் திரும்பி வந்து எங்களை விரட்டினார்.

அன்று இறங்கி வந்த பிறகு கேமராவைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "ஏறி எறங்குன அப்பறமும் இன்னொரு படம் எடுக்கலாம்னு தோணுதா? அதான் மார்க்கு. மத்ததெல்லாம் பேப்பர்ல போடறதுக்கு." தோன்றுகிறதா என்று கேட்டேன். "தோணுது" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து லேசில் வராது. கேமராவுக்குப் பாதி வெற்றி என்று நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமே சண்டைக்கு வந்துவிட்டார்.

சண்டைக்குப் போகும் முன் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். எங்கள் சோதனைகளுக்கெல்லாம் மாதிரி ஆள் அவர்தான். இப்போதைய கேமராக்கள் மனிதக் கண்ணைத் தாமாகவே கண்டுபிடித்து அதில் ஃபோகஸ் வைக்கும். ஆள் நகர்ந்தாலும் கண்ணை விடாமல் பிடிக்கிறதா என்று பார்க்க, கேமராவை நோக்கி ஒருவர் வேகமாக நடந்து வர வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் கூச்சம். லோகு அண்ணா மட்டும் அஸ்தினாபுரம் தெருமுனையில் சும்மாவே வேகமாகப் போகிறவர். "எடுத்துக்கோ, நான் எப்பவும் இப்படித்தான் வர்றேன்" என்று வருவார். தோல் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்கவும் அவர் முகம்தான். பெயின்ட் நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேடு கார்டைத் தாமே கன்னத்தருகே பிடித்துக்கொண்டு நிற்பார். எடுத்த கையோடு நாங்கள் எல்லோரும் திரையைச் சுற்றிக் கூடி, அவர் கண்ணைப் பெரிதாக்கி, இமை முடி தனித்தனியாகத் தெரிகிறதா என்று பார்ப்போம். ஒரு நாள் எங்கள் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் கண்ணு முடிய எண்ணிட்டீங்க. மூஞ்சி எப்படிக் கீதுன்னு ஒருத்தனாவது பாத்தீங்களா?" சிரித்தோம். அவரும்தான்.

இப்போது சண்டை. இந்தக் கேமராவில் வியூஃபைண்டர் கிடையாது. கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க வழியில்லை, பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆசையாகப் படம் எடுப்பவனுக்கு இப்படி ஒன்றைக் கொடுப்பது மோசடி என்றார் அவர். மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு வியூஃபைண்டர் எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும், கண்ணாடியில் கீறல் விழுந்து என் கடைக்குத்தானே வருகிறார்கள் என்றேன் நான். "ஒன் யாவாரத்த இங்க பேசாத. மத்தியானம் ஒரு மணிக்கு வெயில்ல நின்னு இந்தத் திரையில பாரு. இன்னா தெரியும்? ஒன் மூஞ்சி தெரியும்!" பிடித்த முயலுக்கு அவருக்கும் மூன்று கால், எனக்கும் மூன்று கால். குரோம்பேட்டையில் அவர் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் நின்றுகொண்டு இப்படிக் கத்தினோம். டீ மாஸ்டர் எங்களை ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்.

நான் விடவில்லை. திரையை மேல்நோக்கித் திருப்பி, கேமராவை மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டேன். "பாருங்க அண்ணா, நான் உங்க மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிட்டே எடுக்க முடியுது. நடுவுல கேமரா இல்ல. இதுதான் இதோட நல்லது" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். அவர் டீ கிளாஸை ஆட்டிக்கொண்டு மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் சிரித்துவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கேமரா கண்ணை விட்டுவிட்டு டீ கிளாஸின் விளிம்பில் ஃபோகஸ் வைத்திருந்தது. "பாத்தியா! போச்சு. அழி அத" என்றார் வெற்றிக் களிப்போடு. குறைகள் பகுதியில் போட உதவும் என்று அழிக்காமல் வைத்தேன். வரும் ஞாயிறு சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போவோம், வாசல் பூக்கடைகளின் நிழலிலும் நடுத்தெரு வெயிலிலும் எடுத்துப் பார்த்து முடிவு கட்டுவோம் என்று ஒப்பந்தம். அந்த ஞாயிறுதான் நான் மேம்பாலத்தில் நின்றது.

அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். கலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "நல்ல போட்டோ ஒண்ணு குடும்மா. பேனர்காரன் நின்னுகினு கீறான்." இதோ அக்கா என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நண்பர்களுக்குச் சொன்னேன். ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். எங்களிடம் அவருடைய படங்கள் குவிந்து கிடக்கின்றன என்று நான் நினைத்ததில் தப்பில்லை, கிடந்தன. ஒன்றில் திரை முழுக்க அவருடைய இடது கண். ஒன்றில் முகத்தில் பாதியை ஷேடு கார்டு மறைத்தது. வரிசையாக எடுத்த படங்களில் கால் தூக்கியிருந்தது, இமை மூடியிருந்தது, நெற்றிக்கு மேலே காணவில்லை. கோடு போட்ட சட்டையில் நிறம் பிசிறடிக்கிறதா என்று பார்க்க எடுத்ததில் கழுத்துக்கு மேலே ஆளே இல்லை. மங்கிய வெளிச்சச் சோதனையில் முகமெல்லாம் ரவை கொட்டினாற்போலப் புள்ளி. எங்கள் குழுவில் மூத்தவரான ஆல்பர்ட் இரண்டு ஹார்ட் டிஸ்குகளோடு வந்து தெருவில் நின்று, "எல்லாம் அவர்தாம்மா, ஆனா அவர் இல்ல" என்றார்.

கடைசியில் ஓட்டுநர் உரிமத்தில் இருந்த படத்தைத்தான் பேனர்காரர் எடுத்துப் போனார். தலைமுடியைக் கறுப்பாக்கி, கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவருடைய கோட்டு சூட்டை மாட்டி, நீல வானத்தின் முன் நிறுத்திவிட்டார். லோகு அண்ணா வாழ்நாளில் கோட்டு போட்டவர் இல்லை. பேனரைத் தெருமுனையில் கட்டிவிட்டு இறங்கியவர் எங்கள் பக்கம் திரும்பி, "இன்னா சார், கேமரா குரூப்புன்னாங்க உங்கள" என்றார். கேலியாகக்கூட இல்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை எங்களுடையது. அந்த முனையில்தான் லோகு அண்ணா எங்களுக்காக நடந்து நடந்து வந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கருமாதிக்கு முன் சட்டம் போட்ட படம் ஒன்று வேண்டும் என்றார் கலா அக்கா. "அந்த கோட்டு போட்ட ஆள வூட்ல மாட்ட மாட்டேன். யாரோ வந்து ஒக்காந்த மாரி கீது." கடையில் கண் பரிசோதனைக்கு வந்தவர்களை உட்கார வைத்துவிட்டுக்கூட நான் படங்களைத் தேடினேன். எந்த வேலைக்கு இடையிலும் தேடினேன். ஒரு மனிதரை இத்தனை பேர் சேர்ந்து இத்தனை கேமராக்களால் பார்த்தும் பார்க்காமல் விட்டிருக்கிறோமே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் கேட்டபோது சிரித்தோமே, அந்தச் சிரிப்பு வேறு காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இரவல் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் மெமரி கார்டைக் காலி செய்வது வழக்கம். அப்போதுதான் அந்த டீக்கடைப் படம் மறுபடி வந்தது. பழக்கதோஷம், கை தானாகப் பெரிதாக்கப் போனது. நிறுத்திக்கொண்டேன். சின்னத் திரையில் முழுசாகப் பார்த்தேன். கலைந்த தலை, காதில் சொருகிய பேனா, சண்டை போட வந்து சிரித்துவிட்ட வாய். முகம் முழுவதும் இருந்தது, கொஞ்சம் மங்கலாக. எங்கள் கணக்குப்படி இது தேறாத படம். அவரே அழிக்கச் சொன்ன படம்.

அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனேன். கொடுக்கும்போது கூச்சமாக இருந்தது. "கொஞ்சம் ஃபோகஸ் போயிடுச்சு அக்கா. இதைவிட நல்லதா எங்ககிட்ட இல்ல" என்றேன். கலா அக்கா வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பால் படத்தைத் துடைத்தார், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "இதான்மா அவரு. எனக்கு எப்பவும் இப்படித்தான் தெரிவாரு. ஒரு எடத்துல நின்னாத்தானே" என்றார்.

கருமாதியன்று மதியம் அந்தப் படத்துக்கு மாலை போட்டு வாசலில் வைத்திருந்தார்கள். கேமராவை இரவல் தந்த கடைக்காரர் காரியம் முடியட்டும் என்று அவகாசம் கொடுத்திருந்ததால் கேமரா என்னிடமே இருந்தது. அதைக் கொண்டே ஒரு படம் எடுக்கலாம் என்று வெயிலில் நின்று திரையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் முகம்தான் தெரிந்தது. அழுததால் என்று நினைக்காதீர்கள், வெயில்தான். நீங்கள் சொன்னது சரி அண்ணா. மதிப்புரையில் அதை உங்கள் வார்த்தையிலேயே போடுகிறேன். முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுக்க முடிகிறது என்ற என் வரியும் இருக்கும். அதற்குச் சாட்சி உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

நண்பர்களே, இனி எந்தக் கேமரா வந்தாலும் முதல் படம் நம்மில் ஒருவரின் முழு முகம். அதைப் பெரிதாக்குவதில்லை, அழிப்பதுமில்லை. அது குழுவுக்கு. எனக்கென்று அவரிடமிருந்து மிஞ்சியது அவருடைய அவசரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முன்னதாகவே வந்து மேம்பாலத்தில் உலாத்திக்கொண்டிருப்பார். நான் படியேறும்போதே, "இன்னாம்மா இவ்ளோ நேரம்?" என்பார். இப்போது என்னால் வீட்டில் இருக்க முடிவதில்லை. எல்லோருக்கும் முன்னால் போய் நின்றுவிடுகிறேன். போன வாரம் ஆல்பர்ட் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். என் வாய் தானாகத் திறந்து, "இன்னா சார் இவ்ளோ நேரம்?" என்று கேட்டது.